சிலுவைக்குக் கட்டிய பெல்ட்

அபுந்தியோவின் விலா எலும்பில் விரிசல் விழுந்ததை அவன் வேலை இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அப்படியொன்றும் சிரமமில்லை. சிரிக்காமல் இருப்பதுதான் சிரமமாக இருந்தது. மூச்சை மெல்ல விட்டால் வலி தாங்கியது. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் கரணையைப் பிடித்துச் செங்கல் வைக்க முடிந்தது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படியோ விழுங்கிவிடுவான். சிரிப்பு வந்தால் மட்டும் உள்ளேயிருந்து யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும். அவன் வேலை பார்த்ததோ, நியூயார்க்கின் புரூக்ளினில் சன்செட் பார்க் வட்டாரத்திலேயே வாய்க்கொழுப்பு மிகுந்த கொத்தனார் கூட்டத்தோடு.

நடந்தது இதுதான். மே மூன்றாம் தேதி கொத்தனார்களின் சிலுவை நாள். அன்றைக்குக் கட்டடத்தின் உச்சியில் காகிதப்பூ சுற்றிய மரச்சிலுவை ஒன்றை நட்டுவிட்டால் வருஷம் முழுக்க யாரும் மேலேயிருந்து விழ மாட்டார்கள் என்று அவனைப் போல மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர்களுக்கு நம்பிக்கை. அதற்கான மரத்தைக் கடையில் வாங்கக் கூடாது. அந்த வேலையிலேயே புழங்கிய மரமாக இருக்க வேண்டும். சிலுவைக்கு ஒரு ஞானத்தந்தையைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன்தான் அதைத் தோளில் சுமந்துகொண்டு உச்சி வரை ஏற வேண்டும். போன வருஷம் கூட வேலை பார்க்கும் நிக்கானோர் சுமந்தான். சுமந்த கதையைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் அந்தப் பாக்கியம் அபுந்தியோவுக்கு வந்தது.

நிக்கானோரின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவன் அபுந்தியோ. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் சண்டை வரலாம், கொம்பாத்ரேக்களுக்குள் வரக் கூடாது. அப்படி ஒரு உறவு.

திங்கட்கிழமை காலையில் அபுந்தியோ சாரத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இரண்டாவது தட்டில் கிடந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வளைவு இல்லை, வெடிப்பு இல்லை. சிவப்புச் சாக்கட்டியால் அதில் ஒரு குறி போட்டான்.

"கொம்பாத்ரே, இதுதான். கல்யாணப் பொண்ணு மாதிரி நேரா இருக்கு பாரு."

"ஒன் பொண்டாட்டி காதுல விழப் போகுது," என்றான் நிக்கானோர்.

மதியம் எல்லோரும் வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிக்கானோர் முதலில் சாப்பிட்டு முடித்து, மேலே போய் அந்தப் பலகையைக் கழற்றிக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய் அறுக்கத் தொடங்கினான். அபுந்தியோவுக்கு மிளகாய்ச் சாந்து இல்லாமல் சோறு இறங்காது. பாட்டிலைச் சாரத்தின் மேலேயே விட்டுவிட்டதை நினைத்துக்கொண்டு ஏறினான். பாட்டிலை எடுத்தான். திரும்பினான். பலகை எப்போதும் இருக்கும் இடத்தில் காலை வைத்தான்.

கீழே நின்ற கைவண்டியின் விளிம்பு அவன் விலாவில் பட்டது. ரம்பத்தின் சத்தத்தில் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மணலில் படுத்து வானத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து, உடையாமல் இருந்த பாட்டிலோடு போய் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான்.

சொல்லாததற்குக் காரணங்கள் இருந்தன. போன வருஷம் மெல்கியாதெஸுக்கு விரல் நுனி போனது. மேஸ்திரி வில்மர் அவனிடம், "வீட்டுல ரெஸ்ட் எடுங்க, நானே கூப்பிடுறேன்," என்றார். மெல்கியாதெஸ் இப்போது ரயிலடிப் படிக்கட்டில் மாங்காய் நறுக்கி விற்கிறான். போன் மட்டும் இன்னும் வரவில்லை. இது ஒன்று. விழுந்தது தெரிந்தால் பலகையை யார் எடுத்தது என்ற கேள்வி வரும். நிக்கானோரும் மாங்காய் விற்கப் போக வேண்டியதுதான். இது இன்னொன்று. இவ்வளவு நாள் காத்திருந்து கிடைத்த சிலுவையை வேறொருவன் தோளில் பார்க்க அவனுக்கு மனமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. அன்று மாலை டிவியில் அவனுக்குப் பிடித்த நகைச்சுவைத் தொடர் ஓடியது. அபுந்தியோ சாவு வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி தொமித்திலா அவனையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டிச் சரியாக அந்த இடத்திலேயே குத்தினாள்.

"ஐயோ!"

"எங்க விழுந்த, கெழவா?"

அவன் சொன்னான். அவள் திட்டினாள். அவன் கெஞ்சினான். கடைசியில் அவள் அலமாரியைக் குடைந்து, பிள்ளை பெற்ற பிறகு வயிற்றை இறுக்கத் தான் கட்டியிருந்த கச்சையை எடுத்து வந்தாள். ரோஸ் நிறம். ஓரத்தில் சரிகைப் பின்னல். நடுவில் சின்னதாக ஒரு பூ முடிச்சு.

"இதையா?"

"ரெண்டு புள்ள பெத்த ஒடம்பயே தாங்கிச்சு. ஒன் ஒத்த எலும்பத் தாங்காதா? கையத் தூக்கு. சனிக்கெழம வரைக்கும் நான் வாயத் தொறக்கல. சிலுவை ஏறினதும் நீயா சொல்லிரணும். இல்லாட்டி நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை வழக்கம் போல போட்டோ எடுத்தார்கள். அந்த வேலையில் இருந்தது ஒரே ஒரு சேஃப்டி பெல்ட். ஆரஞ்சு நிறம், புத்தம் புதுசு. தினமும் காலையில் வில்மர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து யாராவது ஒருவனுக்கு மாட்டிவிட்டு, போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புவார். பிறகு கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். வில்மர் ஈக்வடார்க்காரர். சம்பளம் வந்தது, மழை வருகிறது, ஆள் செத்துப்போனான், எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று நிக்கானோரின் முறை. முதல் நற்கருணை வாங்கும் பிள்ளை போல இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி, இந்த பெல்ட் நம்ம எல்லாரவிடவும் சீனியரு. ஆனா இதுவரைக்கும் ஒரு தடவகூட மாடி ஏறினதில்ல. ஏன் தெரியுமா?"

"ஏன்?" என்றார் வில்மர்.

"அதுக்கு ஒசரம்னா பயம்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அபுந்தியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உதட்டைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. அப்படியே கலவையை அள்ளி ஒரு செங்கல்லை வைத்தான். செங்கல் கோணலாக உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? ஞானத்தந்தை ஆனதும் நம்ம பேச்சு இவருக்கு எறங்க மாட்டேங்குது," என்றான் ஒருவன்.

"போப்பாண்டவருக்கு அடுத்த எடம் இவருக்குத்தான்பா. சும்மா சிரிச்சிருவாரா?"

அன்றிலிருந்து அது ஒரு போட்டியாகிவிட்டது. அபுந்தியோவை யார் சிரிக்க வைக்கிறானோ அவனுக்குத்தான் சிலுவை விருந்தில் பன்றித் தொடைக்கறி என்று முடிவு செய்தார்கள். ஒருவன் ஓனர் காரிலிருந்து இறங்கும் விதத்தை நடித்துக் காட்டினான். இன்னொருவன் தலைக்கவசத்தில் பீன்ஸ் வைத்துச் சாப்பிட்டான். நிக்கானோர் வில்மரைப் போலவே குரலை வைத்துக்கொண்டு, "தீப்பிடிச்சிருச்சு, எல்லாரும் மெதுவா ஓடுங்க," என்றான். அபுந்தியோ ஒவ்வொரு தடவையும் செத்துப்போன தன் மாமனாரை நினைத்துக்கொண்டான். அது உதவவில்லை, மாமனாரும் வேடிக்கையான ஆள். கடைசியில் கழிவறைக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கப் பழகினான். 'ஞானத்தந்தை ஜெபம் பண்ணப் போயிட்டாரு,' என்று வெளியே சொல்லிச் சிரிப்பது கேட்கும். அதற்கும் சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமை நிக்கானோர் தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"எம்மேல ஏதாச்சும் கோவமா, கொம்பாத்ரே?"

"இல்ல."

"சிலுவை சரியா வரலியா? குறுக்குக் கட்டை கொஞ்சம் குட்டையாயிருச்சு. பலகை அவ்வளவுதான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஒரு தடவ சிரியேன். எனக்காக."

அபுந்தியோ அவனைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "நாளைக்கு," என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை துறைமுகப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. ஓனர் விருந்துக்கென்று ஒரு பெட்டி சோடா அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை. மற்றதெல்லாம் பெண்கள் கொண்டுவந்தார்கள். தொமித்திலா வான்கோழிக் குழம்பு அண்டாவை அடுப்பில் ஏற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் தேவைக்கு மேல் அமைதியாக இருந்தது அபுந்தியோவுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி யோசிப்பதற்குள் சிலுவையைத் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

வேகமாக நடந்தால் வலிக்கும் என்பதால் மெல்ல நடந்தான். முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றான். பின்னால் வந்தவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டாம் மாடியில் நின்றபோது பெண்கள் முழங்காலிட்டார்கள். மூன்றாம் மாடியில் வலி தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தது. "என்ன பக்தி பாருங்க!" என்று ஒருத்தி விசும்பியே விட்டாள். நிக்கானோர் தன் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, 'நான் போன வருஷம் ரெண்டே மூச்சுல ஓடினேன். இப்பத்தான் தெரியுது, நான் பண்ணினது சிலுவை இல்ல, சரக்கு ஏத்தினது,' என்று பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். அபுந்தியோ பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஏணியில் ஏறினான்.

மேலே சிலுவையை நிறுத்தியதும் காற்று அதைச் சாய்த்தது. கம்பி கட்டினார்கள். மறுபடியும் சாய்ந்தது. சிலுவை விழுந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மேஸ்திரி," என்றான் அபுந்தியோ. "அந்த பெல்ட்டக் குடுங்க."

வில்மர் தயங்கினார். பிறகு இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தார். அபுந்தியோ தன் கையாலேயே பட்டைகளைக் குறுக்குக் கட்டையின் இரண்டு பக்கமும் மாட்டி, பூட்டுகளைப் போட்டு, கொக்கியை இரும்பு வளையத்தில் கோத்தான். அந்த வேலையில் அந்த பெல்ட் முதன்முறையாக முறைப்படி மாட்டப்பட்டது. சிலுவை ஆடாமல் நின்றது. கீழே இறங்கி ஆளுக்கொரு தட்டை எடுத்தார்கள்.

அப்போதுதான் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார். இவெத் என்று பெயர். புவெர்த்தோ ரிக்கோ பெண். யாரோ போனில் புகார் சொல்லியிருப்பதாகச் சொன்னார். தொமித்திலா அண்டாவுக்குள் எதையோ தேடுபவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இவெத் சாரத்தைச் சுற்றி வந்தார்.

"ரெண்டாவது தட்டுல ஒரு பலகை இல்லையே. எங்க?"

எல்லோருடைய கண்களும் தாமாகவே உச்சிக்குப் போயின.

"சரி. சேஃப்டி பெல்ட் எத்தனை இருக்கு?"

"ஒண்ணு," என்றார் வில்மர்.

"அது எங்க?"

கண்கள் மறுபடியும் மேலே போயின. இவெத் கையை நெற்றிக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். காகிதப்பூக்கள் காற்றில் படபடக்க, ஆரஞ்சு பெல்ட் போட்டுக்கொண்டு சிலுவை நின்றது.

"ஆக, பலகையும் மேல. பெல்ட்டும் மேல. ஆளுங்க மட்டும் ஒண்ணுமில்லாம கீழ."

"எங்களுக்கு என்னம்மா," என்றான் நிக்கானோர். "காத்தடிச்சா எதையாச்சும் புடிச்சுக்குவோம். அவரு பாவம், ரெண்டு கையையும் விரிச்சே வெச்சிருக்காரு. எதப் புடிப்பாரு?"

அபுந்தியோவின் வாயில் அப்போது குழம்பில் தோய்த்த ரொட்டித் துண்டு இருந்தது. மாமனாரை நினைத்தான். பயனில்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. திங்கட்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும், பெல்ட்டின் பயமும் தலைக்கவசத்துப் பீன்ஸும் ஓனரின் காரும், மொத்தமாகக் கிளம்பி வந்தன. ஊளையிட்டுச் சிரித்தான். தட்டு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

"சிரிச்சுட்டான்! தொடைக்கறி எனக்குத்தான்!" என்று நிக்கானோர் குதித்தான்.

அபுந்தியோ மண்டியிட்டான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். எழவில்லை.

"கொம்பாத்ரே? டேய், என்னடா?" நிக்கானோர் ஓடிப்போய் அவன் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தான். ரோஸ் நிறக் கச்சை வெளியே தெரிந்தது. சரிகைப் பின்னல். பூ முடிச்சு.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது நம்ம பெல்ட் இல்ல," என்றார் வில்மர், வழக்கமான குரலில்.

"என்னோடது," என்று கரண்டியும் கையுமாக வந்தாள் தொமித்திலா. "இந்த எடத்துல ஒழுங்கா பெல்ட் போட்டுக்கிட்டு வேலை பாத்த ஒரே ஆளு எம் புருஷன்தான்."

இவெத் குனிந்து, "எப்ப விழுந்தீங்க? எங்க?" என்று கேட்டார்.

வில்மர் முந்திக்கொண்டார். "வீட்டுல விழுந்திருப்பாரு. குளியலறையில. நிறைய பேரு அங்கதான் விழறாங்க."

அந்தக் குளியலறையை எல்லோருக்கும் தெரியும். மெல்கியாதெஸின் விரல் போனதும் அதே குளியலறையில்தான். ஆமாம் என்று சொன்னால் வேலை ஒருவேளை போகாமல் இருக்கும். நிக்கானோருக்கும் ஒன்றும் வராது. அபுந்தியோ மண்ணில் கிடந்தபடியே மேலே பார்த்தான். தான் கட்டிய பெல்ட் சிலுவையை ஆடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டும்போது தனக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று தோன்றியதை நினைத்துக்கொண்டான்.

"மேஸ்திரி," என்றான் மெல்ல. "எங்க வீட்டுக் குளியலறையில நிக்கவே எடம் கெடையாது. நான் எங்க போய் விழறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்து, 'ஐயோ' என்று விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"திங்கக்கெழம விழுந்தேம்மா. ரெண்டாவது தட்டுல, அந்தப் பலகை இருந்த எடத்துல. அதுதான் வேணும்னு குறி போட்டுக் காட்டினது நாந்தான்."

நிக்கானோர் பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டான். "எடுத்தது நான்," என்றான். "அதனாலதான் சிரிக்கலியா? வாரம் முழுக்க நான் ஒன்ன... தீப்பிடிச்சிருச்சுன்னு எல்லாம் வேற..." தரையில் உட்கார்ந்து சத்தமாக அழ ஆரம்பித்தான்.

"அழாத, கொம்பாத்ரே. நீ அழுதாலும் எனக்குச் சிரிப்பு வருது."

இவெத் எழுந்து நின்றார். "பலகைய யாரு எடுத்தாங்கங்கிறது ஒரு பக்கம். ஒரு பலகைகூட மிச்சமில்லாம சாரம் போட்டுட்டு, இத்தனை பேருக்கு ஒரே ஒரு பெல்ட் குடுத்தது யாருன்னு முதல்ல பாப்போம்." எல்லோருக்கும் பெல்ட் வரும் வரை வேலையை நிறுத்தச் சொன்னார். அபுந்தியோவை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வேலையில் பட்ட அடி என்று அங்கே சொல்ல வேண்டும். குடியேற்றப் பேப்பர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றார். கடைசியாக வில்மரிடம், "அந்தக் குளியலறையோட அட்ரஸ் எனக்கு வேணும்," என்றார்.

"சிலுவையையும் எறக்கணுமாம்மா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் பயந்து பயந்து கேட்டான்.

இவெத் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். "எதுக்கு? இங்க ஒழுங்கா கட்டியிருக்கிறது அது ஒண்ணுதான்."

டாக்டர் அபுந்தியோவைக் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். தொமித்திலா முதல் இரண்டையும் அவனிடம் விட்டுவிட்டு மூன்றாவதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவனையும் வீட்டு வாசலில் சேர்க்கவில்லை. நிக்கானோர் தெருவில் நின்று, பன்றித் தொடைக்கறிப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அவள் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

வில்மரை மட்டும் உள்ளே விட்டாள். இந்த ஆளால் ஆபத்து வராது என்று அவளுக்கு நம்பிக்கை.

வில்மர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க எடம் அப்படியே இருக்கு. ஓனருக்கு வேற யோசனை இருந்துச்சு. அந்தம்மா திரும்ப வருவாங்க, அபுந்தியோ எங்கன்னு கேப்பாங்கன்னு சொன்னேன். பேசாம இருந்துட்டாரு." மடியில் இருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். "மெல்கியாதெஸுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கெழமலேருந்து வர்றான். குளியலறைன்னு சொன்னதெல்லாம் ஓனர் சொல்லச் சொன்னது. ஆனா சொன்னது என் வாய்தான்."

அபுந்தியோ தலையசைத்தான். தொமித்திலா சமையலறையிலிருந்து இதைக் கேட்டு, அவருக்குக் காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

"எல்லாருக்கும் பெல்ட் வந்திருச்சு," என்றார் வில்மர். "சிலுவையில இருக்கிறத எறக்க ஆளுங்க விட மாட்டேங்குறாங்க. அடுத்த மே வரைக்கும் அது அங்கதானாம். காலையில எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்து அனுப்பினேன். ஓனர் கூப்பிட்டாரு. மேல ஒசரத்துல பெல்ட் போட்டுக்கிட்டு ஒருத்தன் தனியா நிக்கிறானே, புது ஆளான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன். ஆளு எப்படின்னாரு. எல்லாருக்கும் முந்தி வந்துர்றான், சாப்பாட்டுக்குக்கூட எறங்குறதில்லன்னேன். அப்படியே இன்னும் நாலு பேரு கெடைப்பாங்களான்னு கேக்குறாரு."

அதை அவர் மழை வருகிறது என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். அபுந்தியோ தலையணையை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டான். கட்டில் குலுங்கியது.

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "மேஸ்திரி!" என்று கத்திக்கொண்டே வந்தாள் தொமித்திலா. "நீங்களுமா?"